யாருதும் இல்லாத மேய்க்கால்

கம்பெனி சுவருக்குள்ளே புல் வெட்டுகிறார்கள். அந்தப் பச்சை வாசனை மூக்கில் ஏறியதும், பஸ்ஸுக்கு நின்ற இடத்திலேயே எனக்குக் கோபம் வந்துவிட்டது. எங்கள் எருமைகள் தின்ற புல் அது.

அப்போது திருவொற்றியூரைத் தாண்டி இருந்த எங்கள் சின்ன ஊருக்கு நெல்லும் எருமையும்தான் பிழைப்பு. மேய்ச்சல் நிலமான மேய்க்கால் ஊருக்கே பொது. அதை ‘என்னுது’, ‘எங்களுது’ என்று யாரும் சொல்லக் கூடாது. சொன்னால் அவர்கள் மாடு மூன்று நாள் அங்கே மேயக் கூடாது.

எனக்கு ஒன்பது வயதில், நிலம் அளக்கும் சங்கிலியோடு ஓர் அதிகாரி வந்தார். ஊரே கூடி நின்றது.

“இந்த நிலம் யாருடையது?”

ஊர்ப் பெரியவரான என் நைனா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னார்: “யாருதும் இல்லீங்க.”

அதிகாரி அப்படியே எழுதினார். என் அத்தை முன்னால் ஓடி வந்தாள்.

“அண்ணாத்தே, நம்மளுதுன்னு சொல்லு! எழுதிகினு கீறான் பாரு!”

“வாய மூடு! ஊர்க் கட்டு தெரியாது உனக்கு? மூணு நாளு உன் எருமைய அவுக்காத.”

சொன்னவர் அந்தக் காகிதத்தில் கைநாட்டும் வைத்தார். அத்தை மூன்று நாளும் பல்லைக் கடித்துக்கொண்டு எருமைகளைக் கட்டியே வைத்திருந்தாள். நான்காம் நாள் ஓட்டிப் போனபோது, மேய்க்காலைச் சுற்றிக் கம்பெனிக்காரர்கள் கம்பம் நட்டுக்கொண்டிருந்தார்கள்.

“இன்னா ஆயா, சுவராண்ட நிக்காத. யாரு எடம் தெரியுமா?” என்றான் கம்பெனி வாட்ச்மேன், பஸ்ஸுக்கு நின்ற என்னிடம்.

“எங்களுதுடா” என்றேன்.

நைனா இருந்திருந்தால் எனக்கும் மூன்று நாள்.