என் பேச்சைக் கேட்காதவள்

வெள்ளைக்காரர் ஆட்சி நடந்த காலம். கொல்லிமலையில், திண்ணனூர் நாட்டில் எங்கள் ஊர். எனக்குக் கல்யாணமாகிப் பத்து வருஷம் இருக்கும். என் வீட்டுக்காரருக்குக் குளிர்காய்ச்சல் வந்து புத்தி தடுமாறிவிட்டது. "மாட்டையெல்லாம் சாமைக்காட்டுல அவுத்து உடு" என்று அவர் பிதற்ற, அண்ணன் சொல்லைத் தட்டாத என் கொழுந்தனார் அப்படியே அவிழ்த்து விட்டார்! நான் காட்டுக்கு ஓடுவதற்குள் கதிர் முற்றிய சாமையில் பாதி மாட்டு வயிற்றுக்குள் போயிருந்தது.

காய்ச்சல் தெளிந்ததும் காட்டைப் பார்த்துத் தலையில் கைவைத்து உட்கார்ந்தார். அடுத்த வாரமே ஊர்க்காரர்களைக் கோயில் முன்னால் கூட்டினார். "இனி எனக்குப் புத்தி தடுமாறினா என் பேச்சு செல்லாதுங்க. எனக்காக வேற ஒருத்தர் பேசோணும்" என்றார். எல்லாரும் தம்பியைப் பார்த்தார்கள். இவரோ வெற்றிலை பாக்கை என் கையில் வைத்தார்.

"நான் சொன்னா உடனே செய்யறவன் அவன். என் பேச்சை ஒருநாளும் கேக்காதவ இவ ஒருத்திதானுங்க!"

ஊரே சிரித்தது. எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது, உள்ளுக்குள் பெருமையும்தான்.

அடுத்த மழைக்காலத்தில் காய்ச்சல் மறுபடி வந்தது, முன்னைவிடக் கடுமையாக. மலையடிவாரத்து டாக்டரிடம் கொண்டுபோகச் சொன்னேன். கம்பில் போர்வையைக் கட்டி, அதில் அவரைப் படுக்கவைத்துத் தூக்கினார்கள். ஊர் எல்லையில் அவர், "இறக்குங்கடா! மலையை உட்டு எறங்கினாச் செத்துருவேன்!" என்று அலறினார். கொழுந்தனார் உடனே இறக்கிவிட்டார்.

"அண்ணன் வேண்டாங்குதே, அண்ணி."

கீழே அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் ஊர் என்னைத்தானே கேட்கும்? ஆனாலும் சொன்னேன்: "இப்பப் பேசறது காய்ச்சலுங்க. அவரு பேச்சு எங்கிட்ட இருக்குது. தூக்குங்க சாமி!"

தூக்கினார்கள். வழியெல்லாம் அவர் என்னைத் திட்டிய திட்டு இருக்கிறதே, அப்பப்பா!

கசப்பு மருந்தும் கஞ்சியுமாகப் பல நாள் கிடந்தார். பிறகு தன் காலாலேயே மலையேறினார். ஊர் எல்லைக்கு வந்ததும் நான் வெற்றிலை பாக்கை நீட்டினேன்.

"ஏனுங்க, உங்க பேச்சை நீங்களே வாங்கிக்கங்க."

"உங்கிட்டயே இருக்கட்டும். எங்கிட்ட இருந்தா மறுக்காவும் மாடுதான் சாமை திங்கும்" என்றார். எதிர்கொண்டு வந்த கொழுந்தனாருக்கே சிரிப்புத் தாங்கவில்லை.

அதற்கப்புறமும் நாங்கள் தினம் சண்டை போட்டோம். ஆனாலும், எதிர்த்துப் பேசுகிறவள் என்று தெரிந்தே தன் உயிரை என் கையில் கொடுத்தாரே மனுஷன், அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சிரிப்பும் கண்ணீரும் சேர்ந்தே வருகின்றன.