ராக்கெட்டுக்குச் சவர்க்காரம்

அலவத்துகொடையில் ஒரு தேநீர்க்கடை முன்னால் வேனை நிறுத்துகிறேன். உள்ளே தொலைக்காட்சியில், நிலாவுக்குப் போகவேண்டிய ராக்கெட் அசையாமல் நிற்கிறது. எரிபொருள் கசிகிறதாம், இன்றைக்கும் விடமாட்டார்களாம். கடையில் இருப்பவர்கள் உச்சுக்கொட்டுகிறார்கள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன், ஆனாலும் கடைக்கார நானாவிடம் வாய் சும்மா இருக்கவில்லை.

“அரசாங்க வேலைன்னா இப்பிடித்தான், நானா. நான் கிளீனரா இருந்து மூணு லொறிக்கு மொதலாளியானவன். டேங்க் ஒழுகினா குளிக்கிற சவர்க்காரத்தப் பெசஞ்சு ஓட்டையில அப்பிட்டுப் போய்க்கிட்டே இருப்பேன். ஒரு நாளும் வழியில நின்னதில்ல.”

கடைக்கார நானா தேநீரை ஆற்றியபடி வாசலை எட்டிப் பார்க்கிறார்.

“அப்ப மொதலாளி, உங்கட வேனுக்குக் கீழ என்ன ஒழுகுது?”

காலையில் நான் அப்பிய சவர்க்காரம் கழன்று கிடக்கிறது. டீசல் ரோட்டில் ஓடுகிறது. வேனுக்குள் என் வீட்டுக்காரி, அவள் மடியில் தாலி. என் அக்கா மகனுக்குக் கண்டிக் கோயிலில் பதினொன்றரைக்கு முகூர்த்தம். இப்போது மணி பத்தரை.

“கராஜுல காட்டுங்கன்னு தலபாடா அடிச்சிக்கிட்டேன்,” என்கிறாள். “ராக்கெட்டு நாளைக்கும் போகும். முகூர்த்தம் நிக்குமா?”

“சவர்க்காரம் தரட்டா, மொதலாளி?” என்கிறார் நானா. கடையே சிரிக்கிறது. சிரித்துக்கொண்டே தன் ஆட்டோவை எடுத்துவந்து நிறுத்துகிறார்.

ஏறுவதற்கு முன், குனிந்து ஆட்டோவின் அடியைப் பார்க்கிறேன்.

“இப்பதான் குனியத் தெரியுது,” என்று தாலியோடு முதலில் ஏறிக்கொள்கிறாள் அவள்.