ராணிக்குக் கீழே ஒரு பாய்

ஆற்று வளைவில் இருக்கும் பழைய அரண்மனையைப் பெருக்குகிறவள் என் அண்ணி ஹெனாரா. பத்தொன்பது வருஷமாக அங்கே வௌவால் எச்சத்தைக் கூட்டித் தள்ளுகிறாள், கல்லிடுக்கில் முளைக்கிற கன்றுகளைப் பிடுங்கி எறிகிறாள். பெண்ணுக்கு அந்த வேலை கிடையாது என்று மேஸ்திரி சொன்னதற்கு மறுநாளே, சொந்த விளக்குமாற்றோடு போய்ப் பெருக்க ஆரம்பித்தவள். நிறுத்த யாருக்கும் துணிச்சல் வரவில்லை; கடைசியில் சம்பளத்துக்கே சேர்த்துக்கொண்டார்கள். எனக்கும் அவளிடம் பயம்தான், சொல்ல வெட்கமில்லை.

அந்த அரண்மனையின் அழகே வாசல்கள்தான். மேலே குறுக்காகக் கிடக்கும் உத்தரக்கல்லின் அடிப்புறத்தில் சிற்பம் செதுக்கியிருக்கிறார்கள். ஒரு வாசலில், வேண்டுதலுக்காகத் தன் நாக்கைத் துளைத்து முள்கயிறு இழுக்கும் ராணி இருக்கிறாள்; அவளைச் சரியாகப் பார்க்க அந்த வாசலில் மல்லாந்து படுக்க வேண்டும். அண்ணி மதியம் சோளக்கரைசலைக் குடித்துவிட்டு, பாய் விரித்து, அவளைப் பார்த்தபடியே கண்ணயர்வாள்.

போன கோடையில் தலைநகரிலிருந்து ஒரு இன்ஜினியர் வந்தார். அவரையும் ரம்பத்தோடு இரண்டு ஆட்களையும் என் படகில்தான் ஏற்றி வந்தேன். என்ன வேலை என்று கேட்காத என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். ராணி இருக்கும் பக்கத்தை மட்டும் பலகை மாதிரி அறுத்துக் கொண்டுபோவார்களாம். திருடர்களிடமிருந்து காப்பாற்றவாம். மீதிக் கல் கூரையைத் தாங்கும் என்று வரைபடம் காட்டினார்.

அண்ணி வரைபடத்தைப் பார்க்கவில்லை. அவரைப் பக்கத்து அறைக்குக் கூட்டிப்போனாள். அங்கே முன்பு திருடர்கள் இதே மாதிரிதான் அறுத்தார்கள். அன்றைக்கே உத்தரக்கல் விரிசல் விட்டு, கூரை மொத்தமும் இறங்கிவிட்டது. அவர்கள் விட்டுவிட்டு ஓடிய ரம்பம் இன்னும் அந்தக் குவியலுக்கு அடியில் கிடக்கிறது. அது வேறு கல் என்றார் இன்ஜினியர். குறுக்கே நின்றால் வேலை போய்விடும் என்றும் சொன்னார்.

அண்ணி நிற்கவில்லை. ராணிக்கு நேர் கீழே பாயை விரித்துப் படுத்துக்கொண்டாள்.

"அறுங்க. நான் எந்திரிக்க மாட்டேன்."

"கூரை விழாதும்மா. நான் கணக்குப் போட்டுப் பாத்துட்டேன்."

அவள் கொஞ்சம் நகர்ந்து, பாயின் மறுபாதியைத் தட்டினாள்.

"அப்புறம் என்ன பயம்? வாங்க, பக்கத்துல படுங்க. அவங்க அறுக்கட்டும்."

ரம்பக்காரர்களில் மூத்தவன் ரம்பத்தைக் கீழே வைத்தான். "நீங்க படுங்க சார். நீங்க படுத்தப்புறம் நான் தொடுறேன்" என்றான். இன்ஜினியர் அப்போதுதான் அண்ணாந்து அந்தக் கல்லைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு வரைபடத்தைச் சுருட்டினார்.

அவர்களைத் திருப்பிக் கொண்டுபோய் விட்டதும் நான்தான். எனக்கு வந்த சந்தோஷத்தில் பாடிக்கொண்டே துடுப்புப் போட்டேன்.

பத்தே நாளில் அண்ணியை வேலையிலிருந்து நீக்கியதாகக் கடிதம் வந்தது. என்னைப் படிக்கச் சொல்லிக் கேட்டாள், மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள், விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு பெருக்கப் போய்விட்டாள். இன்றைக்கும் போகிறாள். பாயை மட்டும் மாற்றிவிட்டாள். இப்போது வாசலில் கிடப்பது இரண்டு பேர் படுக்கிற அகலம்.