பச்சை எழுத்தில் வந்த பொய்

மெஷின்களில் ஊற்றும் கட்டிங் ஆயில் வாசனை இன்னும் மூக்கிலேயே இருக்கிறது... ஒரகடத்தில் கார் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் வெப் புரோகிராமராகச் சேர்ந்த புதிது. 2011 பக்கம் இருக்கும். வாலாஜாபாத்திலிருந்து கம்பெனி பஸ்ஸில் வருவேன். கேட்டைத் தாண்டும்போதே துப்பட்டா வரைக்கும் அந்த வாசனை ஏறிவிடும்.

எனக்கு முன்னால் இருந்த பையன் எழுதிவிட்டுப் போன ஒரு வெப் பேஜ் என் தலையில் விழுந்தது. லைனில் நிற்கும் ஆபரேட்டர்கள் அவ்வப்போது பீஸை அளந்து, அளவை அதில் போட வேண்டும். கீழே 'குறிப்பு' என்று ஒரு கட்டம். பட்டனை அழுத்தினால் பச்சை எழுத்தில் 'சேவ்டு' என்று வரும்.

அந்தப் பச்சை மேல் எனக்கு முதல் நாளே சந்தேகம். ஒரு தடவைகூட எர்ரர் காட்டாத புரோகிராமை நான் பார்த்ததே இல்லை. காலேஜ் லேபில் நான் எழுதியதெல்லாம் சிவப்பாகத்தான் வந்தது!

அப்போதுதான் இசக்கி விவகாரம் வெடித்தது. திருநெல்வேலிப் பக்கத்துப் பையன். கான்ட்ராக்ட் வேலை, ஸ்ரீபெரும்புதூரில் நண்பர்களோடு ரூம். அவன் போட வேண்டிய அளவுகளில் பாதி ரிப்போர்ட்டில் இல்லை. அளக்காமலேயே ஓட்டுகிறான் என்று சூப்பர்வைசர் தனசேகர் முடிவுகட்டிவிட்டார்.

"இன்னாம்மா, மத்தவன்லாம் போட்டது வருது, இவன் போட்டது மட்டும் எப்டி காணாம பூடும்? வேற ஆள் கேட்டுட்டேன். இந்த வாரத்தோட கெளம்பட்டும்."

இசக்கி என் சீட்டுக்கே வந்து நின்றான்.

"மேடம், நான் போட்டுட்டுத்தான் போறேன். பச்சையில வருதுல்லா. வேலை போச்சுன்னா ஊர்ல என்னன்னு சொல்லுவேன்?"

யாரை நம்புவது... இவன் மேலும் சந்தேகம். தன் ஆள் யாரையோ உள்ளே கொண்டுவரப் பார்க்கிறாரோ என்று தனசேகர் மேலும் சந்தேகம். கேபிளைக் கடிக்கும் எலியைக்கூட விடவில்லை.

மறுநாள் காலை ஷிஃப்டில் அவன் பின்னாலேயே போய் நின்றேன். பீஸை எடுத்தான், அளந்தான், அளவைப் போட்டான். அதோடு நிற்கவில்லை. ஒற்றை விரலால் குறிப்பில் தட்டிக்கொண்டே இருந்தான்... ஓட்டை ஓரத்தில் பிசிறு நிற்கிறது, டூல் தேய்ந்துவிட்டது, நேற்றே சொன்னேன், இன்னும் மாற்றவில்லை என்று ஒரு புராணம்.

அழுத்தினான். பச்சை.

ஓடிப்போய் டேட்டாபேஸைத் திறந்து பார்த்தேன். அவன் போட்டது அங்கே இல்லவே இல்லை.

புரோகிராமைத் திறந்து பார்த்தால்... தப்பு நடந்தால் பிடிக்க வேண்டிய இடமெல்லாம் காலி. எர்ரரைப் பிடித்து, யாரிடமும் சொல்லாமல் விழுங்கிவிட்டு, அடுத்த வரியிலேயே 'சேவ்டு'. அதை மாற்றி, எர்ரர் திரையில் தெரிகிற மாதிரி வைத்து, இசக்கியை அதே குறிப்போடு மறுபடி போடச் சொன்னேன். வந்தது சிவப்பு! குறிப்பு ரொம்ப நீளம், அதனால் மொத்தத்தையும் ஏற்க முடியாதாம். மற்றவர்கள் குறிப்பைக் காலியாக விட்டார்கள், அவர்கள் அளவெல்லாம் பத்திரமாக ஏறியது. அக்கறையாக எழுதியவன்தான் திருடன்.

தனசேகரைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"அதுவா? ஆடிட்டுக்கு ஆளுங்க வர்றப்போ ஸ்கிரீன்ல செவப்பா எதுனா தெரிஞ்சா மேனேஜர் கத்துவாரு. அதான் ஒனக்கு முன்ன இருந்த பையன் எல்லாத்தையும் பச்சையாக்கிட்டுப் போனான்" என்றார். லைனுக்குத் திரும்பிப் போகும்போது மட்டும் சொன்னார்: "சரி, இசக்கி இருக்கட்டும்."

அவ்வளவுதான். இசக்கியிடம் ஒரு வார்த்தை ஸாரி கேட்கவில்லை. எனக்கு அப்படி ஒரு கோபம்.

குறிப்புக் கட்டத்தைப் பெரிதாக்கினேன். எது சேராவிட்டாலும் ஆபரேட்டருக்குச் சிவப்பில் தெரிகிற மாதிரி செய்தேன். எர்ரர் ஹேண்ட்லிங் என்று காலேஜில் மனப்பாடம் செய்தது அன்றைக்குத்தான் புரிந்தது.

அடுத்த வாரம் ரிப்போர்ட்டில் இசக்கி போட்ட அளவு எல்லாமே இருந்தது. குறிப்பு மட்டும் காலி. ஏன்ப்பா என்று கேட்டேன்.

"எதுக்கு மேடம் வம்பு. அளவு மட்டும் போட்டா போதும்லா."

இப்போது வேறு வேலை, வேறு ஆபீஸ். நான் எழுதிய புரோகிராமில் எங்கே எர்ரர் வந்தாலும் அடுத்த நொடி என் போன் அலறும். ஒருநாள் முழுக்க அலறாவிட்டால் சந்தேகம் வந்து, நானே ஒரு எர்ரரைக் கிளப்பிவிட்டுப் பார்ப்பேன். இங்கே நான் செய்த பேஜிலும் குறிப்புக் கட்டம் உண்டு; அதில் ஒரு கதையே எழுதலாம், அவ்வளவு இடம். தினமும் திறந்து பார்க்கிறேன்... 'ஓகே', 'எதுவும் இல்லை', மறுபடி 'ஓகே'.

திட்டியாவது யாராவது நாலு வரி எழுத மாட்டார்களா என்று இருக்கிறது.