விளக்கு மின்னினால் கதவைத் திறப்பவர்

அவர் பெயரை நான் முதன்முதலில் கேட்டது கல்யாணமாகி அந்த வீட்டுக்கு வந்த மறுநாள் காலையில். மாமியார் அடுப்படியில் இருந்தபடியே என் வீட்டுக்காரரிடம், "சத்தம் எழுந்துட்டானா பாரு" என்றார். சத்தம் எப்படி எழும் என்று நான் முழித்துக்கொண்டு நின்றேன். அதற்குள் குளியலறைக் கதவு படாரென்று அடித்துக்கொண்டது. ஒரு வாளி உருண்டது. "எழுந்தாச்சு" என்று சொல்லிவிட்டு மாமியார் பாலை இறக்கினார்.

என் வீட்டுக்காரருக்குக் கடைசித் தம்பி அவர். பிறந்ததிலிருந்தே காது கேட்காது, பேச்சும் வராது. தான் போடும் சத்தம் தன் காதில் விழாததால் கதவானாலும் பாத்திரமானாலும் போட்டு உடைப்பார். அதனால் வீட்டில் வைத்த பெயர் அது. அவருக்கும் அது தெரியும், கோபமில்லை. கூப்பிட வேண்டுமென்றால் காலால் தரையை இரண்டு தட்டு தட்டுவோம். அதிர்வு தெரிந்து திரும்பிப் பார்ப்பார்.

சட்டை தைக்கும் கம்பெனி ஒன்றில் கட்டிங் மாஸ்டராக இருந்தார். அவருக்குப் பெண் பார்த்தது நான்தான். என் பெரியம்மா மகளுடைய நாத்தனார் மகள். காது கேட்கிற பெண், வாயும் கொஞ்சம் நீளம். கை பாஷையை இரண்டே வருஷத்தில் பிடித்துக்கொண்டாள். "ரெண்டு பேருக்கும் சேத்து நான் ஒருத்திதானே பேசணும்க்கா" என்று என்னிடம் பெருமையடிப்பாள். ஆனால் அவருக்கு அவள் மொழிபெயர்ப்பில் நம்பிக்கை கிடையாது. அவர் நீளமாகக் கையசைத்தால் அவள் இரண்டு வார்த்தையில் முடித்துவிடுவாள். அவர் இரண்டு அசைவு காட்டினால் இவள் கால் மணி நேரம் பேசுவாள்.

கல்யாணமானதும் தனியாக ஒரு மாடி வீட்டுக்குக் குடிபோனார்கள். ஒரே மகள். வாயால் அம்மா என்று சொல்லும் முன்பே கையால் பால் கேட்டவள். அப்பனும் மகளும் பேச உட்கார்ந்தால் கைகள் பறக்கும், பக்கத்தில் இருக்கிற நமக்குக் காற்று வரும். அவள் கல்யாணமாகிக் கடல் தாண்டிப் போன பிறகு, மாப்பிள்ளை ஒரு கம்ப்யூட்டர் வாங்கிக் கொடுத்தார். டெலிபோன் கம்பி வழியாக இன்டர்நெட் இணைப்பும் கொடுத்து, வாசற்கதவுக்குப் பக்கத்து அலமாரியில் வைஃபை பெட்டியையும் வைத்துவிட்டுப் போனார். தினமும் சாயங்காலம் மகள் திரையில் வருவாள்.

முதல் மாதம் நன்றாகத்தான் இருந்தது. அப்புறம் படம் தேங்க ஆரம்பித்தது. மகளின் கை பாதி வார்த்தையில் அப்படியே நிற்கும். திரும்ப அசையும்போது அவள் வேறு எங்கோ போயிருப்பாள். தாய்க்காரிக்கு ஒரு குறையுமில்லை, போனைக் காதில் வைத்துக்கொண்டு ஊர்க்கதையெல்லாம் பேசிவிடுவாள். இவருக்குத்தான் கண்ணே காது. படம் நின்றால் பேச்சு நின்றது.

ஒருநாள் மகள் அலுத்துப்போய், இனிமேல் எழுதி அனுப்புங்கள் அப்பா என்று திரையில் எழுதிக் காட்டினாள். அன்று அவர் சாப்பிடவில்லை. அவருக்கு எழுத்து அவ்வளவாக வராது. கடைச் சாமான் எழுதுவார், கையெழுத்துப் போடுவார், மனதில் இருப்பதை எழுதத் தெரியாது. மகளோடு பேசும் பேச்சே போய்விடுமோ என்று பயந்துவிட்டார். என்னைப் பார்த்ததும் இரண்டு கையையும் நீட்டி, பிறகு ஒன்றை மற்றொன்றால் கட்டிப் போட்டுக் காட்டினார். அதற்கு எனக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

அதன் பிறகு மனிதர் வேலையில் இறங்கினார். இன்டர்நெட் ஏன் தேங்குகிறது என்று கை பாஷையில் சொல்லிக்கொடுக்கும் வீடியோக்களை நின்று நின்று ஓடும்போதே பார்த்தார். அலமாரியில் டிவியை ஒட்டி இருந்த பெட்டியை நகர்த்தி விளிம்பில் வைத்தார். கம்ப்யூட்டருக்கும் பெட்டிக்கும் நடுவில் வயர் போட்டார். கம்ப்யூட்டர் தானாக இறக்கிக்கொண்டிருந்த அப்டேட்டையெல்லாம் நிறுத்தினார். பாஸ்வேர்டை மாற்றினார். மாற்றிய அரை மணியில் பக்கத்து வீட்டுக்காரி வந்து, "அக்கா, எங்க வீட்டுல படம் வரலியே" என்று நின்றாள். அவர் பெண்டாட்டி, அதுதான் என் ஓரகத்தி, தரையைப் பார்த்துக்கொண்டாள். மாடி முழுக்க அவள்தான் பாஸ்வேர்டைத் தானம் செய்திருந்தாள்.

ஒவ்வொன்றுக்கும் கொஞ்சம் கொஞ்சம் தேறியது. ஆனால் அடுத்த வாரமே திரும்ப இழுத்துக்கொண்டது.

இன்டர்நெட் கம்பெனிக்குப் போன் போடச் சொன்னார். நான் அப்போது அங்கேதான் காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். ஓரகத்தி போனை ஸ்பீக்கரில் போட்டாள்.

"கனெக்‌ஷன் சார் பேர்ல இருக்கு மேடம். அவர்தான் பேசணும்" என்றான் அந்தப் பக்கத்துப் பையன்.

"அவரு பேச மாட்டாருப்பா."

"ஏன் மேடம், எங்க மேல கோவமா இருக்காரா?"

"உங்க மேல மட்டும் இல்ல, பொறந்ததுல இருந்தே யாருகிட்டயும் பேசுனதில்ல."

பையன் விஷயம் புரிந்து, மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, "பெட்டியக் கொஞ்ச நேரம் ஆஃப் பண்ணிட்டு ஆன் பண்ணிப் பாருங்க மேடம்" என்றான்.

"அதைத்தானே தம்பி அவரு நாள் முழுக்கப் பண்றாரு!"

"ரொம்ப நல்லது மேடம்" என்றான் அவன். ஆள் அனுப்புவதாகவும் சொன்னான்.

ஆள் வந்தது. ஒரு பெண், தோளில் பை, காலில் கனத்த ஷூ. மணியை அழுத்தினாள். அந்த வீட்டில் மணி அடித்தால் கேட்காது, கதவுக்கு மேலே ஒரு பல்பு மின்னும். அவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றபோது தாமே மாட்டிக்கொண்டது. பகலெல்லாம் ஓரகத்தி ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்துக்கு வேலைக்குப் போய்விடுவாள். தனியாக இருப்பவருக்கு அந்தப் பல்புதான் வாசல். அன்று அவள் லீவு போட்டிருந்தாள், நானும் போயிருந்தேன்.

அந்தப் பெண் கம்பியைப் பார்த்தாள், சுவரில் இருந்த முனையைக் கழற்றிப் பூட்டினாள், கம்ப்யூட்டரில் உட்கார்ந்து வேகத்தை அளந்தாள். "கம்பியில ஒரு கோளாறும் இல்லம்மா. ஆனா அங்கேருந்து வர்ற வேகமே கம்மியா இருக்கு. ஏன்னு தெரியல, ஆபீஸ்ல கேக்குறேன்" என்று பையைத் தூக்கினாள்.

இவர் மரியாதையாக வாசல்வரை கூடவே போனார். போகிற போக்கில் அலமாரிப் பக்கம் கையை விட்டுப் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கினார்.

அவள் அப்படியே நின்றுவிட்டாள். "என்ன பண்றாரு?"

"வேல முடிஞ்சுதுல்ல, அதான் அணைக்கிறாரு. கரண்டும் மிச்சம்" என்றாள் ஓரகத்தி.

"எப்பவும் இப்படியா?"

"மக பேசுறப்ப போடுவாரு, பேசி முடிச்சா புடுங்கிடுவாரு. நடுவுல வீடியோ பாக்கணும்னா திரும்பப் போடுவாரு."

"எதுக்கும்மா?"

ஓரகத்தி கையால் கேட்டாள். அவர் பெட்டியைக் காட்டினார், விரல்களைத் திறந்து மூடி மின்னுவதுபோல் காட்டினார், கதவைத் திறப்பதுபோல் காட்டினார், வெளியே எட்டிப் பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார். பிறகு திரும்ப வந்து உட்கார்ந்தார். திரும்ப மின்னல், திரும்பக் கதவு. எங்களுக்கெல்லாம் சிரிப்பு வந்துவிட்டது. பெட்டியில் இருக்கிற பச்சை விளக்கு சதா மின்னிக்கொண்டே இருக்கும் அல்லவா? கதவுப் பக்கம் எது மின்னினாலும் அவருக்கு யாரோ வந்து நிற்கிற மாதிரிதான். ஒரு நாளைக்கு எத்தனை தடவை எழுந்து போய்க் கதவைத் திறந்து வெறும் படிக்கட்டைப் பார்ப்பார் பாவம். அதனால் பிடுங்கிப் போட்டுவிடுகிறார்.

அந்தப் பெண் பையைக் கீழே வைத்தாள். "ஐயாகிட்ட சொல்லுங்கம்மா. பெட்டி சும்மா சும்மா அணைஞ்சா, லைன் அறுந்து அறுந்து போகுதுன்னு எங்க ஆபீஸ் மெஷின் நெனச்சுக்கும். வேகத்தக் கொறச்சாலாவது அறாம நிக்கட்டும்னு அதுவே கொறச்சிடும். புடுங்கப் புடுங்க இன்னும் கொறயும்."

ஓரகத்தி சொன்னாள். இந்த முறை ஒன்றையும் விடாமல் முழுசாகச் சொன்னாள் என்று நினைக்கிறேன், வெகுநேரம் கை ஆடியது. அவர் பிளக்கைப் பார்த்தார். மெதுவாகத் திரும்பச் செருகினார்.

அந்தப் பெண் கம்ப்யூட்டரில் பெட்டியின் செட்டிங்கைத் திறந்து, ஏதோ ஒரு மூலைக்குப் போய் ஒரு தட்டு தட்டினாள். பெட்டி மேல் இருந்த விளக்கெல்லாம் ஒரேயடியாக அணைந்தன. "வேல செய்யும், வெளிச்சம் மட்டும் இருக்காது. இனிமே தொடவே வேணாம். ஒரு வாரம் பத்து நாள்ல வேகம் தானா ஏறும்."

அவருக்கு அது பிடிபடவில்லை. வெளிச்சம் இல்லாத சாமான் செத்த சாமான் என்பது அவர் கணக்கு. உயிரோடு இருக்கிறதா என்று எப்படித் தெரியும் என்று கேட்டார். அந்தப் பெண் அவர் கையை எடுத்துப் பெட்டி மேல் வைத்தாள். சூடு தெரிந்தது. தலையாட்டிக்கொண்டார்.

அந்த வாரம் முழுக்கக் காலையும் மாலையும் பெட்டி மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். "எனக்குக் காய்ச்சல் வந்தப்பகூட இப்படித் தொட்டுப் பாத்ததில்லக்கா இந்த மனுசன்" என்று ஓரகத்தி பொருமினாள். பிளக்குக்குக் கை போகும், திரும்பி வந்துவிடும். மகளிடம் விஷயத்தைத் தாய்க்காரி போனில் சொல்லியிருந்தாள். எழுதும் பேச்சை மகளும் கொஞ்சம் ஒத்திவைத்தாள்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் போயிருந்தபோது மகள் திரையில் வந்தாள். கை அசைந்தது, அசைந்துகொண்டே இருந்தது, எங்கும் நிற்கவில்லை. விரல் விரலாகத் தெரிந்தது. இவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார், அந்தக் கிறீச்சில் என் பல் கூசியது. அப்புறம் இரண்டு பேரும் பறக்கவிட்டார்கள். ஓரகத்தி கழுத்தை நீட்டிப் பார்த்தாள். அவளுக்கே வேகம் பிடிபடவில்லை. தரையைத் தட்டி, "என்ன சொல்றா?" என்று கேட்டாள்.

அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் ஒரு கையை மட்டும் இவள் பக்கம் லேசாக விசிறினார்.

"என்னவாம்?" என்றேன்.

"சும்மாவாம்" என்றாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு. "ஒன்னுமில்ல, சும்மாவாம். பாத்தியாக்கா, என் வித்தைய என்கிட்டயே காட்றாரு."

இப்போதும் அவர் அதே மாடி வீட்டில்தான் இருக்கிறார். பெட்டி அணையாமல் அதே அலமாரியில் இருக்கிறது. சாயங்காலம் போய் மணியை அழுத்தினால் உள்ளே பல்பு மின்னும், மகளிடம் பேசி முடித்துவிட்டு வந்துதான் கதவைத் திறப்பார்.