எங்கள் தெருவுக்கு வரவிருந்த கிணறு

பஞ்சாயத்து போர்டில் என்னோடு மெம்பர்களாக இருந்த யாரும், கூட்டத்தில் நடந்ததைத் தங்கள் தெருவுக்குப் போய்ச் சொன்னதாக எனக்கு நினைவில்லை. எனக்கு மட்டும்தான் அந்தக் கிறுக்கு இருந்தது. போட்டிக்கு ஆள் இல்லாததால் மெம்பரானவன் நான். ஆன பிறகு, என்னை அனுப்பிய தெருவுக்குக் கணக்காகச் சேதி சொல்ல வேண்டும் என்று நானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டேன். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதை.

மாதக் கூட்டம் முடிந்த மறுநாள் பொழுது சாய மாரியம்மன் கோயில் வாசலில் நோட்டுப் புத்தகத்தோடு போய் நிற்பேன். பதினைந்து இருபது ஆண்கள் வந்து உட்காருவார்கள். எங்கள் தெருவில் பாதி தெலுங்குக் குடும்பங்கள். எல்லோருக்கும் தமிழ் நன்றாகத் தெரியும், சந்தையில் விலை பேசும்போது என்னைவிட நன்றாகவே பேசுவார்கள். ஆனாலும் போர்டு விஷயம் என்றால் தெலுங்கிலும் சொல்லியாக வேண்டும் என்று ஒரு பெரியவர் பிடிவாதம் பிடித்து, அந்த வேலையைத் தானே எடுத்துக்கொண்டார். நான் ஐந்து நிமிஷம் சொன்னதை அவர் அரை மணி நேரம் சொல்வார். நடுநடுவே எல்லோரும் சிரிப்பார்கள். நான் சொன்னதில் சிரிக்க ஒன்றுமே இருக்காது.

பிறகு கேள்விகள். விளக்குக் கம்பத்துக்குச் சீமெண்ணெய் ஏற்பாடு ஆகிவிட்டது என்று சொல்லி வாயை மூடியிருக்க மாட்டேன், பக்கத்து வீட்டுக்காரன் வேலியை இரண்டு முழம் தள்ளிப் போட்டதற்கு போர்டு என்ன செய்யப் போகிறது என்று ஒருவர் கேட்பார். மழை வேண்டி ஒரு தீர்மானம் போட்டால் என்ன என்று ஒருவர் மூன்று மாதம் விடாமல் கேட்டார். நான்காம் மாதம் மழை பெய்தது. தான் கேட்டதால்தான் என்று அவர் இன்றைக்கும் நம்பிக்கொண்டிருப்பார்.

இதையெல்லாம் நான் பொறுத்துக்கொண்டது ஒரே காரியத்துக்காக. எங்கள் தெருவில் குடிதண்ணீர்க் கிணறு கிடையாது. கோடையில் அரை மைல் நடந்து, வறண்ட ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டி, கொட்டாங்கச்சியால் மொண்டு மொண்டு குடத்தை நிரப்ப வேண்டும். என் மனைவி மூன்றாவது பிரசவத்துக்குப் பிறகு தேறவே இல்லை. வீட்டுத் தண்ணீர் மொத்தமும் என் அக்காவின் இடுப்பில்தான் வந்தது. புருஷன் போன பிறகு எங்களோடு வந்துவிட்டவள் அவள். சாயங்காலம் இரண்டு நடை, காலையில் நான்கு நடை. மூன்றாவது நடைக்குள் இடுப்பு பிடித்துக்கொள்ளும். வாசற்படியைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் குனிந்தே நிற்பாள். பிறகு நிமிர்ந்து நான்காவது நடைக்குப் போவாள். தெருவில் எல்லா வீட்டுப் பெண்களுக்கும் இதே பாடுதான் என்றாலும், நான் போர்டில் வாயைத் திறந்தபோதெல்லாம் என் கண்ணுக்கு முன்னால் நின்றது அந்த வாசற்படிதான்.

ஒன்றரை வருஷம் கேட்டேன். பணமில்லை என்றார் பிரசிடெண்டு. பணம் வந்ததும், தெருக் கோடியில் இருக்கிற இடம் புறம்போக்குதானா என்று சந்தேகம் கிளப்பினார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கவேண்டுமே. கடைசியில் ஜில்லா போர்டிலிருந்தே கடிதம் வந்து, தீர்மானம் நிறைவேறியது: ஓவர்சியர் வந்து பார்த்து, தண்ணீர் கிடைக்கும் என்று எழுதிக் கொடுத்தால் எங்கள் தெருவுக்குக் கிணறு.

தண்ணீரைப் பற்றி எனக்குத் துளிக்கூடக் கவலை இல்லை. தெருக் கோடியில் செங்கல்லுக்கு மண் எடுத்த பழைய குழி ஒன்று இருந்தது. இரண்டு ஆள் ஆழம்கூட இராது. பங்குனி வரைக்கும் அதில் தண்ணீர் நிற்கும். மாடு குடிக்கும், மனிதர் குடிக்க முடியாத கலங்கல். ஆனால் கீழே ஊற்று இருக்கிறது என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டியதில்லை. ஓவர்சியர் எட்டிப் பார்த்தால் போதும்.

கோயில் வாசலில் அன்றைக்குத் தீர்மானத்தை முழுசாக வாசித்தேன். பெரியவர் தெலுங்கில் சொல்லி முடித்தார். பயிரை மேய்ந்ததற்காக போர்டுப் பட்டியில் அடைத்த தன் எருமையை எப்போது விடுவார்கள் என்று ஒருவர் எழுந்து கேட்டார்.

ஓவர்சியர் என்றைக்கு வருவார் என்று போர்டு ஆபீசில் கேட்டேன். வருகிற அன்றைக்கு வருவார் என்றார்கள். பாப்பாரப்பட்டிச் சந்தை நாளாகப் பார்த்து வந்தார் மனிதர். ஆண்கள் ஒருவர் பாக்கியில்லாமல் சந்தைக்குப் போயிருந்தார்கள். நான் அந்த இடம் புறம்போக்குதான் என்று ஒரு காகிதம் வாங்க தர்மபுரி தாலூகா ஆபீஸ் வராந்தாவில் பொழுது முழுக்க நின்றுகொண்டிருந்தேன். சாயங்காலம் காகிதத்தோடு திரும்பினேன். ஓவர்சியர் வந்துபோன விஷயம் எனக்குத் தெரியாது. யாரும் சொல்லவும் இல்லை.

அடுத்த கூட்டத்தில் அவருடைய ரிப்போர்ட்டை குமாஸ்தா வாசித்தார். மேற்படி இடத்தில் பாறை, எவ்வளவு ஆழத்திலும் தண்ணீர் கிடையாது என்று தெருவாசிகளே விசாரணையில் தெரிவித்தார்கள். தண்ணீர் இருப்பதற்கான அடையாளம் எதுவும் தென்படவில்லை. நான் எழுந்து கத்தினேன். குழியைப் பற்றிச் சொன்னேன். குழி எதுவும் ரிப்போர்ட்டில் இல்லையே என்றார் பிரசிடெண்டு. ஐந்து நிமிஷத்தில் கிணறு அவருடைய தெருவுக்குப் போய்விட்டது. அங்கே ஏற்கெனவே இரண்டு கிணறுகள் இருந்தன. உங்களுக்கு அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார். அடுத்த வருஷம் யுத்தம் வந்தது. சிமெண்டும் இரும்பும் கட்டுப்பாட்டுக்குள் போயின. எங்கள் தெருவுக்குக் கிணறு வர ஏழெட்டு வருஷம் ஆயிற்று.

அன்றைக்கு மறுநாள் வரை காத்திருக்க எனக்குப் பொறுமையில்லை. போர்டு ஆபீசிலிருந்து நேரே வந்து, பொழுது சாயுமுன்பே கோயில் வாசலுக்கு எல்லோரையும் கூப்பிட்டேன். தண்ணீர் இல்லை என்று சொன்ன மகானுபாவன் யார் என்று கேட்டேன். நான் சந்தைக்குப் போயிருந்தேனுங்க என்றார் ஒருவர். நானுந்தானுங்க என்றார் அடுத்தவர். வரிசையாக இதே பதில். நான் வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன். இத்தனை மாதம் தொண்டை வற்றக் கத்தியதெல்லாம் செவிடன் காதில் ஊதிய சங்கா என்றேன். பெரியவர் அதையும் தெலுங்கில் சொல்ல ஆரம்பித்ததும், நோட்டுப் புத்தகத்தைத் தரையில் விசிறிவிட்டு வீட்டுக்கு நடந்தேன்.

அக்கா களிக்குக் கீரைக் குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தாள். நான் சாப்பிடாமல் புலம்பினேன். சந்தை நாளில் இந்தத் தெருவில் எந்தப் பாவி இருந்தான், காக்கிச் சட்டைக்காரனிடம் எவன் தண்ணீர் இல்லை என்று சொன்னான் என்றேன். அவள் கரண்டியை வைத்தாள்.

"நாந்தான் சொன்னேன். நெலம் அளக்குற சங்கிலியத் தூக்கிக்கிட்டு ஒரு ஆளு கூட வந்தான். அளக்க வந்துட்டாங்கன்னு எல்லாப் பொம்பளைங்களும் ஓடிப்போய் அந்தக் குழி மேல முள்ள வெட்டிப் போட்டு மூடிட்டோம்."

அவள் முகத்தில் பெருமைதான் இருந்தது. அதை நான் புரிந்துகொள்ளாமல் இல்லை. எங்கள் அப்பா ஒரு முறை, அப்போது எங்களுக்கிருந்த வயல் கிணற்றில் தண்ணீர் வற்றவே வற்றாது என்று சர்க்கார் ஆளிடம் பெருமையடித்துவிட்டார். கொஞ்ச நாளில் வரி ஏறியது. இரண்டுக்கும் சம்பந்தம் இருந்ததோ இல்லையோ, அன்றிலிருந்து எங்கள் வீட்டில் மட்டுமல்ல, தெருவிலேயே அது பாடமாகிவிட்டது: சங்கிலியோடு வருகிறவன் கேட்டால் தண்ணீர் இல்லை, எல்லாம் பாறை. அரிச்சுவடிக்கு முன்னால் பிள்ளைகளுக்கு இதைத்தான் சொல்லிக்கொடுத்தோம்.

"குடிக்கத் தண்ணி கேட்டாரு, பாவம். பானை நெறைய இருந்துது. இருக்குதுன்னு தெரிஞ்சிடுமேன்னு கலங்கலா அரைச் சொம்பு குடுத்தேன். அதுதான் மனசுக்குக் கஷ்டமா இருந்துது" என்றாள்.

அவர் வந்தது வரிக்கு இல்லை, நம் தெருவுக்குக் கிணறு வெட்ட என்று சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். ஒன்றரை வருஷமாக மாதாமாதம் கோயில் வாசலில் இதைத்தானே சொல்லிக்கொண்டிருக்கிறேன், இந்தத் தெருவில் ஒரு காதிலாவது விழுந்ததா என்று கத்தினேன்.

அவள் கை தானாக இடுப்புக்குப் போயிற்று.

"பொழுது சாயற நேரத்துல நாங்க எல்லாரும் ஆத்துல இல்ல இருப்போம்? ஊத்து ஊறுற நேரமாச்சே. ஆம்பளைங்க யாரும் வூட்டுல வந்து ஒண்ணும் சொல்லல. நீயும் தினம் ரெண்டு வேளை என் கையாலதான் திங்கற. கெணறு வரப்போவுது அக்கான்னு என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, அந்த மனுசனக் கையப் புடிச்சு இழுத்துக்கிட்டுப் போய்க் குழியக் காட்டியிருப்பேனே தம்பி."

ஒன்றரை வருஷத்தில் இந்த வீட்டுக்குள் கிணறு என்ற பேச்சை நான் ஒரு நாள்கூட எடுத்திருக்கவில்லை. அவள் களியை மறுபடி என் பக்கம் தள்ளி வைத்துவிட்டு, காலிக் குடத்தை எடுத்துக்கொண்டு ஆற்றுக்குக் கிளம்பினாள்.