பதினேழு மில்லி வினாடி

அலுவலகத்தில் அவளைத் துருவி என்றுதான் கூப்பிடுவார்கள், அதுவும் முகத்துக்கு நேராகவே. எதையும் துருவித் துருவிக் கேட்காமல் விடமாட்டாள் என்பதால் வந்த பெயர். பங்குச் சந்தை வர்த்தகத்துக்கான மென்பொருள் செய்யும் ஒரு நிறுவனத்தில் பதினான்கு வருடம் இருந்தாள். முதலில் நிரல் எழுதினாள். பிறகு மொத்த அமைப்பும் எப்படி இருக்கவேண்டும் என்று வரைந்து கொடுக்கும் ஆர்க்கிடெக்ட் ஆனாள். காலையில் சந்தை திறக்கும் முதல் நிமிடத்தில் ஆயிரக்கணக்கான ஆர்டர்கள் முண்டியடித்துக்கொண்டு வரும். அந்த ஒரு நிமிடம் யாரும் நாற்காலியைக்கூட நகர்த்த மாட்டார்கள்.

ஐம்பதை நெருங்கும்போது அந்த வேலையை விட்டுவிட்டு, செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் செய்யும் ஒரு சின்ன நிறுவனத்தில் சேர்ந்தாள். கணவர் பல் மருத்துவர். "நல்லா இருக்கிற பல்லைப் பிடுங்கிட்டுப் புதுப் பல் கட்டிக்கிற வயசா இது?" என்றார்.

"புதுசா ஒண்ணு வந்திருக்கு. உள்ள என்ன நடக்குதுன்னு பாக்காம இருந்தா எனக்குச் சோறு இறங்காது," என்றாள் அவள்.

அங்கே அவள் குழு செய்த கருவி, பழைய நிரலைப் படித்து எந்த வரி எதற்காக எழுதப்பட்டது என்று சாதாரண மொழியில் விளக்கும். எழுதியவர்கள் எல்லாம் வேலையை விட்டுப் போய்விட, இருப்பவர்கள் தொடப் பயப்படும் நிரல் எந்த நிறுவனத்தைத் தட்டினாலும் கொட்டும். முதல் வாடிக்கையாளராக வந்தது அவளுடைய பழைய நிறுவனமே.

செய்து காட்டும் நாளில் கருவி ஒரு வரியில் வந்து நின்றது. ஒவ்வொரு ஆர்டரும் போன பிறகு, சந்தையிலிருந்து வரும் பதிலைப் படிக்குமுன் பதினேழு மில்லி வினாடி காத்திருக்கவேண்டும் என்றது அந்த வரி. பக்கத்தில் ஒரு குறிப்பு: 'இதைத் தொடாதீர்கள்.' கருவி விளக்கம் சொன்னது: 'சந்தையின் கணினிக்கு ஒரே நேரத்தில் அதிகச் சுமை போகாமல் தடுக்க இந்தக் காத்திருப்பு வைக்கப்பட்டுள்ளது.'

விற்பனைத் தலைவர் அவள் பக்கம் திரும்பினார். "இது நீங்க எழுதினதாமே மேடம்? சரியா சொல்லுதா?"

"ஆமா. அதுக்குத்தான் போட்டேன்," என்றாள்.

அறையில் எல்லோரும் கை தட்டாத குறைதான்.

சாப்பாட்டு டப்பாவைத் திறந்தபோதுதான் மனதில் ஏதோ நெருடியது. சுமையைக் கட்டுப்படுத்தச் சொல்லிச் சந்தையிலிருந்து உத்தரவு வந்தது, மகள் ஊஞ்சலிலிருந்து விழுந்து கையை முறித்துக்கொண்ட வாரம். அது நன்றாக நினைவிருந்தது. போய் அந்த வரியின் தேதியைப் பார்த்தாள். உத்தரவுக்கு இரண்டு வருடம் முந்தையது. வராத உத்தரவுக்கு யார் முன்கூட்டியே காத்திருப்பு வைப்பார்கள்?

அவள் பொய் சொல்லவில்லை. அந்தக் காரணத்துக்காக அந்த வரியைத் தட்டச்சு செய்தது மனக்கண்ணில் தெரிந்தது. ஆனால் அந்த நினைவு, கருவி சொன்ன பிறகுதான் பிறந்திருக்கிறது. இது எப்படி என்று அவளுக்குப் பிடிபடவில்லை. கருவியிடம் அதே கேள்வியைத் திரும்பக் கேட்டாள். தாமதமாக வரும் பதில்களைச் சமாளிக்க என்றது. மறுபடியும் கேட்டாள். பதிவுகளின் நேரத்தைச் சீராக்க என்றது. மூன்று காரணங்கள், மூன்றிலும் ஒரு திக்கல் திணறல் இல்லை.

"நீ எழுதின வரிக்கு அர்த்தம் தெரியாம நீயே அலையறியா?" என்று கணவர் சிரித்தார்.

"பத்து வருஷம் முன்னாடி ஒருத்தரோட பல்லை ஏன் அடைச்சீங்கன்னு கேட்டா நீங்க சொல்லுவீங்களா?"

"ஃபைல்ல எழுதி வச்சிருப்பேன்."

"நான் தொடாதீங்கன்னு மட்டும் எழுதி வச்சிருக்கேன். வெக்கமா இருக்கு."

"அப்ப அன்னைக்கு உன்கூட யாரு இருந்தாங்களோ, அவங்களைப் பிடி," என்றார் அவர்.

பழைய மின்னஞ்சல்களைக் கிளறியதில், அந்த வரியை எழுதிய வாரம்தான் சந்தைக்கு இரண்டாவது லைன் போட்டார்கள் என்பது தெரிந்தது. போட்டவரை எல்லோரும் கேபிள் அண்ணன் என்பார்கள். இப்போது மேம்பாலத்தின் அடியில் பூட்டு, சாவிக் கடை வைத்திருந்தார். சனிக்கிழமை காலையில் போய் நின்றாள்.

"அண்ணே, பதினேழுன்னு சொன்னா உங்களுக்கு ஏதாவது ஞாபகம் வருதா?"

அவர் ராவிக்கொண்டிருந்த சாவியைக் கீழே வைத்தார். "பதினஞ்சு போதும்னு நான் சொன்னேன். நீங்க எங்க கேட்டீங்க?"

துருவி ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அவர் சொன்னார்: "புது லைன் வேகம் ஜாஸ்தி. ஆர்டரை உங்க சிஸ்டம் டிஸ்க்குல எழுதி முடிக்கறதுக்குள்ள பதில் வந்து நிக்கும். யாருடா நீ, உனக்கு இங்க ஆர்டரே இல்லையேன்னு அதைத் தூக்கிப் போட்டுடும். அதனாலதான் எழுதி முடிக்கட்டும்னு காக்க வச்சீங்க. தரைப் பலகையைக் கிளப்பிட்டு, டார்ச்சும் கையுமா ரெண்டு பேரும் குப்புறப் படுத்துக் கெடந்தோமே. உங்க கண்ணாடிகூட உள்ள விழுந்துச்சு."

கண்ணாடி விழுந்தது நினைவுக்கு வந்தது. வந்ததும் அதன்மேல் சந்தேகமும் வந்தது.

"இது எழுத்துல எங்கயாவது இருக்குமாண்ணே?"

"என்ன, என்னை நம்பலையா?"

"என்னையே நம்பலைண்ணே."

அவர் பரணிலிருந்து ஒரு பழைய டைரியை இறக்கித் தூசி தட்டினார். தேதியோடு இருந்தது: 'பதில் முந்துகிறது. எழுத அதிகபட்சம் 12 ஆகிறது. மேடம் 17 வைத்தார்.'

"எழுதற டிஸ்க் இன்னும் அதேதானா?" என்று கேட்டார்.

அவள் விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். டிஸ்க்குகளை மாற்றி ஒன்பது வருடம். இப்போது எழுத ஒரு மில்லி வினாடிகூட ஆகாது. ஒன்பது வருடமாக ஒவ்வொரு ஆர்டருக்கான பதிலும் காரணமே இல்லாமல் காத்து நின்றிருக்கிறது. தொடாதே என்று அவள் சொன்ன ஒரு சொல்லுக்காக. முதலில் அவர் சிரித்தார், பிறகு அவளும் சிரித்தாள்.

திங்கட்கிழமை அலுவலகத்தில் நடந்ததை அப்படியே சொன்னாள். கருவி, எழுத்தில் ஆதாரம் இருந்தால் அதைக் காட்டவேண்டும். இல்லாவிட்டால் காரணம் தெரியவில்லை என்று சொல்லி, அந்த நேரத்தில் யார் யார் வேலை பார்த்தார்கள் என்ற பட்டியலைத் தரவேண்டும் என்றாள். விற்பனைத் தலைவருக்கு முகம் சுண்டிவிட்டது.

"தெரியாதுன்னு சொல்ற கருவியை யாரு மேடம் வாங்குவா?"

"எழுதினவ நானே தலையாட்டிட்டேன். எழுதாதவங்க என்ன பண்ணுவாங்க?"

மாற்றி முடிக்க இரண்டு மாதம் ஆனது. பழைய நிறுவனத்தின் செயல்பாட்டுத் தலைவி வளவளவென்று பேசாதவர். புது அறிக்கையைப் படித்தார். இருநூறு வரிகளில் நூற்று நாற்பதுக்குக் காரணம் தெரியவில்லை என்று இருந்தது. விற்பனைத் தலைவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்தப் பட்டியல்ல இருக்கிறவங்கள்ல எத்தனை பேரு இன்னும் போன் எடுப்பாங்க?" என்று கேட்டார் அந்த அம்மாள். ஒரு வருடத்துக்கு ஒப்பந்தம் போட்டார்.

பதினேழை இரண்டு வாரம் தனியாகச் சோதித்துப் பார்த்து எடுத்தார்கள். மறுநாள் சந்தை திறந்த முதல் நிமிடம் வழக்கம்போலவே போனது, ஒன்றும் நடக்கவில்லை. வேறு இரண்டு வாடிக்கையாளர்கள் மட்டும், எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்லும் போட்டிக் கருவிக்குப் போய்விட்டார்கள். துருவிக்கு அது கொஞ்ச நாள் உறுத்தியது.

மூன்று வருடம் கழித்து அந்தச் சின்ன நிறுவனம் கைமாறியதும் வெளியே வந்தாள். இப்போது பழைய அமைப்புகளை எழுதியவர்களைத் தேடிப் போய்க் காரணங்களைக் கேட்டு எழுதி வைப்பதே அவள் தொழில். சிலருக்கு எதுவும் நினைவில்லை. சிலர் கண்ணும் காதும் வைத்துச் சொல்வார்கள்; அவர்களிடம் அவள் காகிதம் கேட்பாள். போன மாதம், குடிநீர் நிலையத்துக்கு நிரல் எழுதி ஓய்வுபெற்ற ஒரு பெண்ணிடம், ஒரு வால்வை மட்டும் ஏன் இரண்டு தடவை மூடச் சொல்லியிருக்கிறது என்று கேட்டாள்.

"அதுவா? அது முதல் தடவை மூடாது."

"ஏன் மூடாது?"

"அதுதான் எனக்கும் இன்னைக்கு வரைக்கும் தெரியலை," என்றாள் அந்தப் பெண்.

மதியத்துக்குள் இரண்டு பேரும் அந்த வால்வைப் பார்க்கவே கிளம்பிவிட்டார்கள்.